கோர் தொறந்தாச்சு, சிஸ்டம் நிக்க மாட்டேங்குது – கேள்வி பதில்

ஞாயித்துக்கிழமை, கடை லீவு. கத்திரி வெயில்ல வண்ணாரப்பேட்டைய விட்டு வெளிய போறதா இல்ல. ஏஎம்டி-யோட பழைய ஃபீனம், அத்லான் ப்ராசஸர் சிப்புல கம்பெனி பூட்டி வச்ச கோரை (சிப்புக்குள்ள கணக்குப் போடுற தனித்தனி மூளை) தொறந்துட்டு அவஸ்தைப்படுறவங்க கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். ஆரம்பிக்கும்போதே ஒண்ணு: டேலி (கடைக் கணக்கு சாஃப்ட்வேர்) ஓடுற சிஸ்டத்துல இந்த வேலையப் பண்ணாதீங்க. இத இன்னிக்கு எத்தன தடவ சொல்லப்போறேனோ.

வியாசர்பாடி, காலேஜ் மாணவர்: அண்ணே, ஃபீனம் 2 எக்ஸ்2 550. பயாஸ்ல (போர்டோட செட்டிங் பக்கம்) ஏசிசி-ங்கிற கோர் தொறக்கிற செட்டிங்க ஆட்டோல போட்டதும் நாலு கோர் காட்டுது, சிப்பு பேரே பி50-ன்னு மாறிடுச்சு. ஆனா கேம் போட்டா பத்து நிமிஷத்துல நீலத்திரை. 101-ன்னு முடியுற எரர். வோல்டேஜ் ஏத்தணுமா?

தம்பி, உடனே வோல்டேஜுக்குப் போகாத. பேர் மாறிடுச்சுன்னா நாலு கோர் எழுந்திருச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். நாலும் ஒழுங்கா கணக்குப் போடுதான்னு அது சொல்லாது. 101-ன்னா ஒரு கோர் கூப்பிட்டு இன்னொண்ணு ஏன்னு கேக்கல. 124-ன்னு வந்தா ஹார்டுவேரே நான் தப்புப் பண்ணிட்டேன்னு கைய தூக்குது.

முதல்ல பூட்டைத் திரும்பப் போடு. ஏசிசி டிஸேபிள். ரெண்டு கோர்ல ஒரு நாள் முழுக்க அதே கேம ஓட்டு. அதுலயும் விழுந்துச்சுன்னா கோர் மேல பழியப் போடாத, அது முன்னாடியே இருந்த நோவு. ரேமக் கழட்டி, தங்கக் கலர் காலை பென்சில் ரப்பரால தேச்சு, தொடச்சு மாட்டு. மெம்டெஸ்ட்ட (ரேமச் சோதிக்கிற ப்ரோக்ராம்) ராத்திரி பூரா விடு. என்கிட்ட வர்றதுல பாதி சிஸ்டம் இங்கயே சரியாயிடும்.

ரெண்டு கோர்ல நல்லா நின்னா, அப்ப தொற. ஓவர்க்ளாக் (கம்பெனி வேகத்துக்கு மேல ஓட்டுறது) எதுவும் வேணாம். 200 மெகாஹெர்ட்ஸ 15.5-ஆல பெருக்கி வர்ற 3.1 கிகாஹெர்ட்ஸ்லயே இரு. ரேம் 1333-லயே இருக்கட்டும், 1600 ஆசையெல்லாம் அப்பறம். ப்ரைம்95-ல (ப்ராசஸர வாட்டிச் சோதிக்கிற ப்ரோக்ராம்) ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட், கோருக்கு ஒண்ணா நாலு ஒர்க்கர். கெட்ட கோர்ல ஓடுற ஒர்க்கர் கொஞ்ச நேரத்துல 'ரவுண்டிங் 0.5, 0.4-க்குள்ள இருக்கணும்'ங்கிற மாதிரி ஒரு வரியப் போட்டுட்டு நின்னுடும், மத்த மூணும் ஓடிட்டே இருக்கும். நின்னது எதுன்னு பேப்பர்ல எழுதி வை. எல்லாரும் கோட்ட விடுறது அடுத்த இடத்துலதான். ப்ரைம்95 ஒண்ணுலேர்ந்து எண்ணும், விண்டோஸ் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். ஒர்க்கர் 3 விழுந்தா டாஸ்க் மேனேஜர்ல அது கோர் 2. பயாஸ்ல எப்படி எண்ணியிருக்கான்னு போர்டுக்குப் போர்டு மாறும். ஒருத்தர் நல்ல கோரை அணைச்சுட்டு கெட்டத வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் என்னைத் திட்டிட்டிருந்தார்.

இப்ப வோல்டேஜ். 0.025 வோல்ட் ஏத்து, அதே டெஸ்ட்ட ஓட்டு, எத்தனாவது நிமிஷத்துல விழுதுன்னு எழுது. ரெண்டு நிமிஷத்துல விழுந்தது நாப்பது நிமிஷம் தாங்கினா, கோர் பலவீனம்தான், தேத்தலாம், இன்னும் ஒரு படி ஏத்து. எத்தன ஏத்தினாலும் அதே ரெண்டு நிமிஷம்னா அது செத்த கோர். கம்பெனி ஃபேனோட நம்ம ஊர் வெயில்ல 1.425-க்கு மேல போகாத. அந்த ஒரு கோரை மட்டும் பயாஸ்ல அணைச்சுட்டு மூணா வச்சுக்க. காசு குடுக்காம ஒரு கோர் வந்துச்சே, லாபம்தானே?

ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட்டத் தாங்கிட்டு, ரேமையும் சேத்து வாட்டுற ப்ளெண்ட் டெஸ்ட்ல மட்டும் விழுந்தா கத வேற. ரேம், எல்3 கேஷ் (சிப்புக்குள்ள எல்லா கோருக்கும் பொதுவான மெமரி), மெமரி கன்ட்ரோலர் பக்கம் பாரு. அந்தப் பக்கத்துக்குப் போற சிபியு-என்பி வோல்டேஜ ஒரு படி ஏத்திப் பாக்கலாம்.

எண்ணூர்: தொறந்ததுலேர்ந்து கோர் டெம்பரேச்சர் 0 டிகிரி காட்டுது. சென்சார் போயிடுச்சா?

போகல. தொறந்தா கோர் சென்சார் பொய் சொல்லும், எல்லாருக்கும் அப்படித்தான். போர்டுல சாக்கெட் பக்கம் இருக்கிற சென்சாரப் பாருங்க. 550-யோட நாலு கோர் அண்ணன் 955-க்கு கம்பெனி போட்ட எல்லை 62 டிகிரி, அத மனசுல வைங்க. 0 டிகிரிய நம்பி எண்ணூர்ல யாரும் நிம்மதியா தூங்க வேணாம்.

கொளத்தூர்: என் ஐ3-ல ஒளிஞ்சிருக்கிற கோர் இருக்கா?

தொறக்கிற மாதிரி எதுவும் இல்ல.

தண்டையார்பேட்டை, போட்டோ ஸ்டுடியோ: அத்லான் 2 எக்ஸ்3 435-ஐ நாலாக்கினேன். ஹேங்கே ஆகல, சூப்பரா ஓடுது. ஆனா கல்யாண வீடியோ ரெண்டர் பண்ணா நடுவுல பச்சைக் கோடு. ஜிப் ஃபைல் சில சமயம் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்குன்னு) வருது.

இன்னிக்கு வந்ததுலயே என்னை பயமுறுத்துற கேள்வி இதுதான். ஹேங் ஆகுற சிஸ்டம் நல்ல சிஸ்டம், கத்தி ஊரக் கூட்டிடும். உங்களுது வாயத் தொறக்காம தப்புக் கணக்குப் போடுது. இன்னிக்கு ராத்திரியே பூட்டுங்க. தொறந்த நாள்லேர்ந்து காப்பி பண்ணது எல்லாத்தையும் ஒரு தடவ தொறந்து பாருங்க, மெமரி கார்டு ஒண்ணையும் ஃபார்மேட் பண்ணாதீங்க.

சொந்த அனுபவம். 2011-ல என் மச்சான் கல்யாணப் போட்டோ மூணு கார்டயும் தொறந்த சிஸ்டத்துல இறக்கி, ஜம்பமா கார்ட காலி பண்ணிக் குடுத்துட்டேன். பாத்தா பல படத்துல தாலி கட்டுற கை வரைக்கும் இருக்கு, கீழ பூரா சாம்பல் கலர். யாரும் குத்தவாளி இல்ல, நான்தான். மச்சான் இன்னிக்கும் பந்தியில உக்காந்தா அதச் சொல்லாம எழுந்திருக்க மாட்டான்.

காசிமேடு, ஐஸ் கம்பெனி கணக்கு: நல்லா இருக்கிற கோரை கம்பெனிக்காரன் ஏன் பூட்டணும்? நஷ்டம்தானே?

நல்ல கேள்வி. 955, எக்ஸ்3 720, எக்ஸ்2 550, மூணுக்கும் ஒரே அச்சுதான். 45 நானோமீட்டர், 258 சதுர மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 75.8 கோடி டிரான்சிஸ்டர். சுட்டு எடுத்ததும் சோதிப்பான். ஒரு கோர் சொத்தைன்னா அத மூடி எக்ஸ்3, ரெண்டுன்னா எக்ஸ்2. குப்பையில போற துண்டு காசாகுது. ஆனா விலை கம்மி சிப்புக்கு ஆர்டர் குவிஞ்சு, சொத்தைத் துண்டு பத்தலன்னா நல்லதையும் மூடி அனுப்புவான். உங்க பாஷையில சொன்னா இறால சைஸ் வாரியா கவுண்ட் பிரிக்கிற மாதிரி. சின்னது பத்தலன்னா பெருசயும் அந்தக் கூடையில போட்டு ஆர்டர முடிக்கிறது.

காசிமேடு: மன்னிக்கணும் சார், உதாரணம் தப்பு. பெரிய இறால எவனும் சின்னது விலைக்குத் தரமாட்டான். ஐஸ் போட்டு நாளைக்கு வித்துப்பான். அதுக்குத்தான் எங்க கம்பெனியே இருக்கு.

சரி, இறால்ல நான் வாயக் குடுத்திருக்கக் கூடாது. ஆனா சிப்ப ஐஸ்ல வச்சா அடுத்த மாடல் வந்து விலை விழுந்துடும். இறாலவிட சீக்கிரம் நாறுற சரக்கு அது.

பெரம்பூர், ரயில்வேல ரிட்டயர் ஆனவர்: சொத்தைங்கிறதெல்லாம் சும்மா. முழுக்க வியாபாரத் தந்திரம். 2010-ல இன்டெல் பென்டியம் ஜி6951-ன்னு ஒண்ணு வித்தான். 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி நம்பர் அடிச்சா ஹைப்பர்த்ரெடிங்கும் (ஒரு கோர ரெண்டு மாதிரி வேலை வாங்குறது) 1 எம்பி கேஷும் தொறக்கும். அதுல என்ன சொத்தை? நான் 550-ஐ நாலு கோரா பத்து வருஷத்துக்கு மேல ஓட்டுறேன். ஒரு டெஸ்ட்டும் போட்டதில்ல, ஒண்ணும் ஆகல.

ஜி6951 விஷயத்துல நீங்க சொல்றது சரி சார். அது நல்ல சரக்கப் பூட்டி சாவிய வித்த கதை. ஆனா அங்க தொறந்தா ஓடும்னு கம்பெனியே பொறுப்பு எடுத்துச்சு. இங்க யாரும் பொறுப்பில்ல. ஏசிசி ஓவர்க்ளாக்குக்காக எஸ்பி750-ங்கிற போர்டு சிப்போட (சவுத்பிரிட்ஜ்) வந்த வசதி, அதுல கோர் தொறந்தது 2009-ல தற்செயலா வெளிய வந்தது. உங்க சிப்பு டெஸ்ட்ல தோத்து மூடினதா, ஆர்டருக்காக மூடினதான்னு மேல எழுதல.

பெரம்பூர்: பத்து வருஷம் ஓடினது டெஸ்ட் இல்லையா?

என்ன ஓட்டுறீங்க?

பெரம்பூர்: பாட்டு, யூடியூப், பேரனோட வீடியோ கால்.

சார், அது பெரம்பூர்லேர்ந்து வியாசர்பாடி ஜீவாவுக்கு வண்டி ஓட்டிட்டு இன்ஜின் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி. ப்ரைம்95-ஐ ஒரு மூணு மணி நேரம் விடுங்க, ஒத்துக்குறேன்.

பெரம்பூர்: இப்பவே போடுறேன். சாயங்காலம் பேசுவோம்.

கொருக்குப்பேட்டை: அண்ணா, 555 நாலு கோர், ஹேங் ஆகுது, எவ்ளோ வோல்டேஜ் வைக்கலாம்?

மேல வியாசர்பாடி தம்பிக்குச் சொன்னதுதான்.

கொடுங்கையூர்: நீலத்திரை எதுவும் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டக்குனு ரீஸ்டார்ட் ஆகுது.

அப்ப கோரை விடுங்க, கரண்ட் வழியப் பாருங்க. ரெண்டு கோர் 550-க்கு கம்பெனி சொன்னது 80 வாட். நாலு கோர் 955-க்கு 125. தொறந்தா அந்தப் பக்கம்தான் போறீங்க. மலிவு போர்டு பலதுக்கு 95 வாட்தான் தாங்கும்னு மேனுவல்லயே இருக்கும். எஸ்எம்பிஎஸ்லேர்ந்து (பவர் சப்ளை பெட்டி) ப்ராசஸருக்குப் போற நாலு பின் பிளக்கக் கழட்டிப் பாருங்க. அத்தன கரண்டும் ரெண்டே ரெண்டு மஞ்சள் ஒயர்லதான் போகுது. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகி, கருகின வாடை வந்தா எஸ்எம்பிஎஸ்ஸ மாத்துங்க. ஸ்டிக்கர்ல 450 வாட்னு போட்டிருக்கிறத நம்பாதீங்க, கையில தூக்கினா லேசா இருந்தா உள்ள ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஊரே ஏசி போடுறப்ப லைன் வோல்டேஜ் இறங்கும், அப்பதான் இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் படுக்கும்.

மணலி: அத்லான் 2 எக்ஸ்2 250-ல எப்படித் தொறக்குறது?

அது பொறக்கும்போதே ரெண்டு கோர். பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி தேடாதீங்க.

ராயபுரம்: தொறந்ததுலேர்ந்து காலையில டிஸ்ப்ளே வரல. ஃபேன் மட்டும் சுத்துது.

கரண்ட் ஒயர உருவிட்டு, போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரியக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. பயாஸ் பழையபடி பூட்டிக்கும். சூடா இருக்கிறப்ப ரீஸ்டார்ட் ஆகி, ஆறின பிறகு எழுந்திருக்கலன்னா அந்தக் கோர் வேணாம்.

எம்.கே.பி. நகர்: 550 நாலு கோர் ஆக்கினேன் ஹேங் ஆகுது ஹெல்ப்

மேல.

திருவொற்றியூர்: பேஸ்ட் மாத்தலாம்னு ஹீட்சிங்க இழுத்தேன். ப்ராசஸரும் சேந்தே வந்துடுச்சு. நாலஞ்சு கால் வளைஞ்சிருக்கு. போச்சா?

போகல, அழாதீங்க. பழைய பேஸ்ட் காஞ்சு சிமென்ட் மாதிரி புடிச்சுக்கும். இழுத்தா, லீவர் பூட்டியே இருந்தாலும் சிப்பு சாக்கெட்ட விட்டு உருவிட்டு வந்துடும். அடுத்த தடவ பத்து நிமிஷம் சிஸ்டத்த ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, சிங்க மேல தூக்காம இட வலமா லேசாத் திருகி எடுங்க.

இப்ப சிங்குலேர்ந்து சிப்பப் பிரிக்க கத்தி விட வேணாம். பல்லு தேய்க்கிற நைலான் ஃப்ளாஸ் நூல நடுவுல விட்டு ரம்பம் மாதிரி அறுங்க. ஏஎம்3 சிப்புக்கு 938 கால். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு, கால் வரிசைய ஓரத்துலேர்ந்து ஒரு கண்ண மூடிப் பாருங்க. வரிசைக்கு வெளிய தலைய நீட்டுறதுதான் வளைஞ்சது. பட்டன் பென்சில்ல லெட எடுத்துட்டு, அந்த ஓட்டை முனைய காலுக்கு மேல தொப்பி மாதிரி மாட்டி, மூச்சப் புடிச்சுக்கிட்டு நிமித்துங்க. ஒரே தடவையில நிமித்திடுங்க, முன்னும் பின்னும் ஆட்டினா ஒடஞ்சுடும். சாக்கெட்ல வச்சா தானா விழணும். அமுக்க வேண்டி வந்தா எடுத்துட்டு இன்னொரு தடவ பாருங்க.

பழைய வண்ணாரப்பேட்டை: நாலு கோர் ஆயிடுச்சே, விண்டோஸ் 11 போடலாமா?

கோர் நாலானாலும் நாப்பதானாலும் விண்டோஸ் 11-ல 24எச்2 பதிப்புலேர்ந்து எஸ்எஸ்இ4.2-ங்கிற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு இல்லாம ஸ்டார்ட்டே ஆகாது. ஃபீனம்ல அது இல்ல. லினக்ஸ் போடுங்க.

மிண்ட் தெரு, ஜவுளிக் கடை: டேலி மட்டும்தான் ஓட்டுறேன். கொஞ்சம் வேகமா இருக்கும்னு நாலு கோர் ஆக்கினேன். நேத்து ஸ்டாக் கணக்குல ஒரு லட்சம் உதைக்குது…

முதலாளி, முதல் பாராவ யாருக்காக எழுதினேன்? பூட்டுங்க. தொறக்கிறதுக்கு முந்தின நாள் பேக்கப்ப எடுத்து, பில் புக்க வச்சு திரும்பப் பதியுங்க. டேலிக்கு வேகம் வேணும்னா ஒரு எஸ்எஸ்டி போதும், ரெண்டு கோரே ஜாஸ்தி.

பெரம்பூர்: மூணு மணி நேரம் ஆச்சு. நாலு ஒர்க்கரும் ஓடுது. என்ன சொல்றீங்க?

ஒத்துக்குறேன் சார், நல்ல துண்டு வாய்ச்சிருக்கு. சிஸ்டம் எந்த ரூம்ல இருக்கு?

பெரம்பூர்: பெட்ரூம்ல. ஏசி ஓடுது.

ஏசிய நிறுத்திட்டு இன்னும் ஒரு மணி நேரம் விடுங்க.

காசிமேடு: அவர் வீட்டம்மா விடுவாங்களா சார்?

மாதவரம்: அண்ணே 550…

மேல, மேல, மேல.

பெரம்பூர்: ஏசிய நிறுத்தி முப்பத்தஞ்சாவது நிமிஷம் மூணாவது ஒர்க்கர் நின்னுடுச்சு. ரவுண்டிங் 0.5-ன்னு போட்டிருக்கு. வோல்டேஜ் எவ்வளவு ஏத்தணும்?

வியாசர்பாடி தம்பிக்கு எழுதினதப் படிங்க சார். அப்பறம் மூணாவது ஒர்க்கர்னா கோர் 2, மறந்துடாதீங்க.