விழித்திரைக்கு அடியில் நீர்: மன அழுத்தம் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு வாரமாக வலது கண்ணில், பார்வையின் நடுவே சாம்பல் நிற வட்டம் தெரிகிறது. கதவின் விளிம்பு வளைந்து தெரிகிறது. ஸ்கேன் எடுத்த கண் மருத்துவர், விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்றார். ஆறு மாதமாக வேலையில் கடும் நெருக்கடி, தூக்கமும் இல்லை. மன அழுத்தம் கண்ணைக்கூடப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது ‘சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி’ போலத் தெரிகிறது. 30 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆண்களிடம் அதிகம் பார்க்கிறோம்.

விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய தடுப்பு. கோராய்டு தடித்து அதன் ரத்தக்குழாய்கள் விரியும்போது, தடுப்பு ஓரிடத்தில் தளர்ந்து நீர் கசிகிறது. கூர்மையான பார்வைக்குரிய, விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவை அந்த நீர் மேலே தூக்கிவிடுவதால்தான் நேர்க்கோடு வளைகிறது.

சரி, மனம் எங்கே வருகிறது? நெருக்கடியில் உடல் கார்டிசால் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகள் இதே கார்டிசாலைப் போல வேலை செய்பவை. அவற்றை எடுப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் கார்டிசாலைச் சந்தேகிக்கிறோம். ஆனால் மன அழுத்தம் உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. உடல்வாகு, மரபு, தூக்கக் கோளாறு எல்லாம் சேர்ந்தே வருகிறது. ‘நானே இழுத்துக்கொண்டேன்’ என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த நினைப்பே இன்னொரு பாரம்.

ஒன்றை மறக்காமல் யோசித்துப் பாருங்கள்: மூக்கு ஸ்பிரே, இன்ஹேலர், தோல் களிம்பு, மூட்டு ஊசி, மாத்திரை என எந்த வடிவத்திலாவது ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா? பலர் களிம்பை மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. இருந்தால் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு மாதங்களில் நீர் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் போட்டோடைனமிக் என்ற ஒளி சிகிச்சை இருக்கிறது. திரும்ப வரக்கூடியது என்பதால் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போங்கள். தூக்கத்தைச் சரிசெய்வது முதல் வேலை. பலத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்பது இருந்தால் அதற்கும் பரிசோதனை தேவை.

அப்புறம், வாரம் ஒரு முறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். வளைவு கூடினால் உடனே மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குள் மின்னல், திடீரெனக் கரும்புள்ளிகள், திரை விழுந்ததுபோன்ற மறைப்பு தெரிந்தால் அது விழித்திரை கிழிந்ததாக இருக்கலாம். அன்றே போயாக வேண்டும்.