செங்காந்தள் கிழங்கு ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் முள்வேலி மேல் செங்காந்தள் பார்த்தேன். ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள், இரண்டு வகையா? ஆசைப்பட்டு, விவசாயி ஒருவரிடம் கிழங்கு வாங்கி மார்கழியில் தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் விட்டும் முளைக்கவில்லை.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: ஒரே வகைதான். மொட்டு விரியும்போது இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். நாள் ஏற ஏற நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, வாடும்முன் முழுச் சிவப்பாகிவிடும். நீங்கள் பார்த்த மஞ்சள், அன்று விரிந்த பூ.

கிழங்கு முளைக்காததற்குக் காரணம் மாதம். கார்த்திகைக்குப் பின் கொடி காய்ந்து கிழங்கு உறங்கப் போய்விடும். அப்போது தினமும் தண்ணீர் விட்டால் அழுகத்தான் செய்யும். ஆனி, ஆடியில் வையுங்கள். கலப்பை போல் வளைந்த கிழங்கில் முளைக்கண் நுனியில் மட்டுமே இருக்கும். அது ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் வீண். வாங்கும்போதே நுனியைப் பாருங்கள்.

12 அங்குலத் தொட்டியில் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய உரம் 1. கிழங்கைப் படுக்கவைத்து 5 செ.மீ. மண் மூடுங்கள். முளை வரும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. இலை நுனியே சுருண்டு பற்றும் கொடி இது. தடித்த மூங்கிலைச் சுற்ற அதனால் முடியாது. மெல்லிய காய்ந்த மிளாறு நடுங்கள். காட்டில் புதர்மேல் ஏறி வெயில் தேடுவதும், வேர் நிழலில் இருப்பதும் இதன் இயல்பு. வீட்டிலும் அப்படியே வையுங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மலைக் காப்புக்காட்டில் தோண்டி எடுக்க வேண்டாம், அது குற்றம்.

செடி முழுதும் நஞ்சு. கிழங்கில் கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: செங்காந்தள் நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லையே?
– வாசகர், வாழப்பாடி

பதில்: பூவின் பெண் உறுப்பான சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தனக்கு எளிதில் ஒட்டாது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வரவேண்டும். விதைக்காகப் பயிரிடுவோர் காலையில் வேறொரு பூவின் மகரந்தத்தைக் கையால் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தொட்டுவைப்பார்கள். நீங்களும் செய்யலாம்.