நடுவில் நிறுத்த முடியாத விளையாட்டு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

வீடியோ கேமும் சினிமாவைப் போல ஒரு கலைதான் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பந்து விளையாடுவான். அதன்பிறகு என் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பான், வர மாட்டான். போன வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். சிறுகச் சிறுக 4,200 ரூபாய் போயிருக்கிறது. விளையாட்டில் வரும் ஆளுக்கு உடுப்பும், துப்பாக்கிக்கு வண்ணமும் வாங்கினானாம்! அறைந்துவிட்டேன். இரண்டு நாட்களாக அவன் என்னோடு பேசுவதில்லை. என் அம்மா அவனுக்காக அழுகிறார். இதையா கலை என்கிறீர்கள்? அரசாங்கம் இவற்றை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்),
வில்லாபுரம், மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

கூப்பிட்டால் ஏன் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். பணம் போனது பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் வீட்டில் தினமும் நடக்கும் சண்டை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் நடக்கிறது.

அவன் விளையாடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு விமானத்திலிருந்து எல்லோரும் தீவில் குதிப்பார்கள். இந்த வகையில் பெயர்பெற்றவை இரண்டு: பப்ஜியில் 100 பேர், ஃப்ரீ ஃபயரில் 50 பேர். வெறுங்கையோடு இறங்கி, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கியும் தோட்டாவும் தேட வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் உயிர் குறையும். கடைசியில் ஒரு புல்வெளி அளவு இடத்தில் பத்துப் பேர் மிஞ்சியிருப்பார்கள். உங்கள் மகன் தனியாக ஆடவில்லை. பெரும்பாலும் நால்வர் அணி. காதில் மாட்டிய கருவியில் ஒருவன் அவனியாபுரத்திலிருந்தும் இன்னொருவன் திருநகரிலிருந்தும் பேசிக்கொண்டிருப்பான். "வலது பக்கம் ஆள், மரத்துக்குப் பின்னால்" என்று அவன் மூச்சுவிடாமல் சொல்லும்போதுதான் வீட்டிலிருந்து "சாப்பிட வாடா" என்ற குரல் வருகிறது.

இந்த விளையாட்டை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. கைபேசியைக் கீழே வைத்தால் அவன் ஆள் வெட்டவெளியில் நிற்பான், சுடப்படுவான், மற்ற மூவரும் ஓர் ஆள் குறைந்து தவிப்பார்கள். மறுநாள் வகுப்பில் அந்த மூவரின் முகத்தில் விழிக்க வேண்டும். நீங்கள் கூப்பிடும்போது அவன் உங்களுக்கும் நண்பர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். ஓர் ஆட்டம் ஃப்ரீ ஃபயரில் சுமார் பத்து நிமிடம், பப்ஜியில் அரை மணி நேரம் வரை ஓடும். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே பேச வேண்டும். "எட்டு மணிக்குச் சாப்பாடு, ஏழரைக்குப் பிறகு புது ஆட்டம் கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். இது நடுவில் கைபேசியைப் பிடுங்குவதைவிடப் பலன் தரும்.

சினிமாவுக்கு 'முற்றும்' உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் மதுரையின் பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும் ஆடிய பையன்களுக்கு, கட்டிய காசுக்கு உரிய நேரம் முடிந்ததும் கடைக்காரர் வந்து எழுப்புவார். இன்று கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு கிடையாது. முடிந்தால் அவர்களுக்கு வருமானம் நின்றுவிடும். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, ஒருநாள் தவறினால் முதலிலிருந்து, இந்தப் பருவத்துக்கான உடுப்பு இன்னும் இரண்டு நாளில் போய்விடும் என்று ஓடும் கடிகாரம். இத்தனையும் கணக்குப் போட்டு அமைக்கப்பட்டவை. நான் கலை என்று எழுதியது இதை அல்ல.

பணத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டுக்குள் இருக்கும் கடையைத் திறந்து பாருங்கள். உடுப்பின் விலை அங்கே ரூபாயில் இருக்காது. முதலில் ரூபாயைக் கொடுத்து அவர்களுடைய நாணயத்தை வாங்க வேண்டும், பிறகு அந்த நாணயத்தால் பொருளை வாங்க வேண்டும். பெரும்பாலும் கையில் கொஞ்சம் மிச்சமிருக்கும், அடுத்த பொருளுக்குக் கொஞ்சம் குறையும். சில இடங்களில் பொருளையும் நேரடியாக விற்பதில்லை. ஒரு பெட்டியை விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். கணக்கு எழுதும் உங்களுக்கு இது எந்த வகை வியாபாரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 4,200 ரூபாய் ஒரே நாளில் போயிருந்தால் உங்கள் மகனே பயந்திருப்பான்.

அந்த உடுப்பினால் சண்டையில் பெரிய பலம் எதுவும் வந்துவிடாது. ஆனாலும் அவன் ஏன் வாங்கினான் என்பதை நாம் இகழக் கூடாது. விளையாட்டில் முதலில் கொடுக்கும் சாதாரண உடுப்போடு வருபவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். தீபாவளியன்று புதுச்சட்டை இல்லாமல் தெருவில் இறங்குகிற கூச்சம் அது. பதினைந்து வயதில் அது சின்னக் கூச்சமல்ல. கேட்காமல் எடுத்தது தவறு, அதை அவன் உணர வேண்டும். அறைவது அதற்கு வழியல்ல. நீங்களே போய்ப் பேச்சைத் தொடங்குங்கள், அவன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைக்கு அனுப்பும்போது யுபிஐ ரகசிய எண்ணைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். கூகுள் ப்ளேயில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்க முடியும், அதையும் செய்துவிடுங்கள்.

தடை பற்றிக் கேட்டீர்கள். பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. அரசு சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த ஆண்டே அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பியது. திரும்பியபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அப்பாவின் கைபேசியில் அப்பாவின் எண்ணைக் கொடுத்து விளையாடும் பையனை எந்த வரம்பு தொடும்? டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளைதான். சில வாரங்களில் அந்தத் தடை விலக்கப்பட்டது, 2020 ஜூனில் மத்திய அரசு மீண்டும் தடை செய்தது. அதனால் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் குறும்வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார்களா?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி வேறு விஷயம். அதைத் தடை செய்யத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று உயர் நீதிமன்றம் மறு ஆண்டு அவற்றுக்கு விலக்கு அளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. அந்தத் தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது பணத்தைக் கட்டிப் பணத்தை வெல்லும் ஆட்டங்களுக்கானது. உங்கள் மகன் எதையும் வெல்வதற்காகக் கட்டவில்லை, கடையில் பொருள் வாங்கியிருக்கிறான். சட்டம் அவனைப் பார்க்காது. எனக்கு வேண்டியது இன்னும் குறிப்பான சட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. விலையை ரூபாயில்தான் போட வேண்டும். சில விளையாட்டுகளில் விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே சொல்லிவிட்டது. நாமும் சொல்லலாம்.

மகனுக்கு நோய் வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பந்து விளையாடுகிறான், பள்ளிக்குப் போகிறான், நண்பர்கள் இருக்கிறார்கள். தூக்கம், படிப்பு, உணவு எல்லாம் கெட்டு மாதக்கணக்கில் அப்படியே நீடித்தால் ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்போது அதற்கு அவசியம் தெரியவில்லை.

இனி, நான் கலை என்றது எதை என்று சொல்கிறேன். கைபேசியிலேயே ஆடக்கூடிய 'மான்யுமென்ட் வேலி' என்றொரு விளையாட்டு 2014இல் வந்தது. கண்ணை ஏமாற்றும் கோபுரங்களைத் திருப்பித் திருப்பி ஒரு சிறுமிக்கு வழி அமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை. காசு ஒரே முறைதான். எந்த நொடியிலும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம், திரும்பி வந்தால் அவள் விட்ட இடத்திலேயே நிற்பாள். பத்து அத்தியாயங்களில் கதை முடிந்துவிடும். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்குவது வீண்செலவு என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். இலவசம் என்றால் யோசிக்காமல் இறக்கிக் கொடுத்துவிடுகிறோம். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற விளையாட்டு, வாங்கிய பிறகு உங்கள் மகனிடம் எதையும் கேட்பதில்லை. 4,200 ரூபாய்க்கு அப்படி ஏழெட்டு வாங்கியிருக்கலாம்.

இன்னொன்றையும் பரிந்துரைக்கிறேன். 2023இல் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா'. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்களிடமிருந்து மெல்ல விலகும் மகன். கதாநாயகிக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டுக் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். கணினி வேண்டும், ஆனால் விலை உயர்ந்த கணினி தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை ஆடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் அத்தியாயம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பதுதான் புதிர். அந்த இடம் வரும்போது அவனுடைய அப்பத்தாவையும் கூப்பிடுங்கள். உங்கள் இருவரையும் முந்திக்கொண்டு அவர்தான் விடை சொல்வார்.

அன்புடன்.