பதினொன்றாம் வகுப்பில் ஆறு ஏபி எடுக்கலாமா?

உங்கள் மகன் அடுத்த ஆண்டு எடுக்க நினைக்கும் ஆறு ஏபி பாடங்களின் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) பட்டியலைப் பார்த்தேன்: அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், உளவியல், மனிதப் புவியியல், கால்குலஸ் பிசி, இயற்பியல் 1. ஆறையும் முடித்தால் கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினியரிங் என்றால் அநேகமாக ஆகாது. ஆனாலும் பாடங்களைப் பார்த்து எடுத்தால் லாபம் உண்டு.

பள்ளியில் ஏ கிரேடு வாங்கினால் மட்டும் கிரெடிட், அதாவது கல்லூரிப் பாடத்தை முடித்ததாக ஏறும் கணக்கு, வராது. மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் ஏபி தேர்வில் ஐந்துக்கு எத்தனை என்பதுதான் கணக்கு. டாலஸில் இருப்பது உங்களுக்கு வசதி: அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 வாங்கியவருக்கே கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்டால் ஆதாரம் வேண்டும் என்று டெக்சாஸில் 2015இல் சட்டம் வந்தது. டார்ட்மவுத், கால்டெக் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் 5 வாங்கினாலும் கிரெடிட் கிடையாது.

சரி, கிடைக்கும் கிரெடிட் எல்லாம் பட்டத்துக்கு உதவுமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் என்ன பட்டம் படித்தாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் கட்டாயம். அதனால் ஏபி அமெரிக்க வரலாறு வீண்போகாது. ஆங்கிலமும் அப்படியே. சமூக அறிவியலில் 3 கிரெடிட்தான் கேட்கிறார்கள். உங்கள் பட்டியலில் உளவியலும் மனிதப் புவியியலும் இருக்கின்றன. ஒன்று போதும். மற்றது கணக்கில் ஏறும், ஆனால் ஒரு செமஸ்டரைக்கூடக் குறைக்காது. இன்ஜினியரிங் பாடங்கள் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகப் போகும். உபரி கிரெடிட்டால் அந்தச் சங்கிலி சுருங்காது.

அந்தச் சங்கிலியின் தொடக்கம் கால்குலஸ். ஆகவே ஏபியின் இரண்டு கால்குலஸ் பாடங்களில் பெரியதான கால்குலஸ் பிசியில் மகன் முழு மூச்சாக இறங்கட்டும். நல்ல மதிப்பெண் வந்தால் பல இடங்களில் முதல் இரண்டு கால்குலஸ் பாடங்களையும் தாண்டலாம். தாண்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கால்குலஸ் 2 இறுதித் தேர்வு ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திணறினால் கிரெடிட்டை விட்டுவிட்டு மறுபடி படிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

இயற்பியல் 1இல் கால்குலஸ் கிடையாது. இன்ஜினியரிங்குக்கு அது பெரும்பாலும் செல்லாது. செல்வது கால்குலஸோடு வரும் இயற்பியல் சி. பள்ளி அனுமதித்தால் நேரே அதற்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு 1, பன்னிரண்டில் சி. மனிதப் புவியியலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், உளவியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளுங்கள். நான்கு பாடம், தேர்வுக்குத் தலா சுமார் 100 டாலர். தூங்கவும் நேரம் கிடைக்கும்.

ஏபிக்குப் பதில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) டூயல் கிரெடிட், அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்கில் ஏறும் பாடம், எடுப்பது சுலபம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஏபி மதிப்பெண் சரியில்லை என்றால் அனுப்பாமல் விடலாம். ஆனால் டூயல் கிரெடிட்டில் வாங்கும் சி கிரேடு கல்லூரி மதிப்பெண் சான்றிதழில் நிரந்தரமாக நிற்கும். மருத்துவம் படிக்க ஆசைப்படும் உங்கள் மகளுக்கு இது இன்னும் முக்கியம்: மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளிக் காலத்து டூயல் கிரெடிட் கிரேடுகளையும் காட்டியே ஆக வேண்டும்.