லேப்டாப்பில் ஓடும் எக்செல் சர்வரில் ஏன் மறுக்கிறது?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு வெப் சர்வீஸ் எழுதியிருக்கிறேன். ஆர்டர் வந்ததும் அது எக்செலைத் திறந்து இன்வாய்ஸ் போட வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவில் நன்றாக ஓடுகிறது. ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர் மென்பொருள்) ஓடும் சர்வரில் 80070005 என்று பிழை வருகிறது. அப்ளிகேஷன் பூலை (ஐஐஎஸ்ஸில் சர்வீஸ் தனிக் கணக்கில் ஓடும் பகுதி) அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஓட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெளியிலிருந்து கோரிக்கை வாங்கும் சர்வீஸில் ஒரு ஓட்டை இருந்தாலும், வருபவர் கையில் சர்வர் முழுதும் போய்விடும்.

80070005 என்றால் அனுமதி மறுப்பு. யாருக்கு மறுப்பு என்று முதலில் பாருங்கள். லேப்டாப்பில் விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்தும் ஐஐஎஸ் எக்ஸ்பிரஸ் நீங்கள் லாகின் செய்த கணக்கில் ஓடுவதால் எக்செலும் உங்கள் பெயரிலேயே திறக்கிறது. சர்வரில் அதைத் திறக்க முயல்வது அப்ளிகேஷன் பூலின் கணக்கு. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 10016 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால், எந்தக் கணக்குக்கு எந்த அனுமதி இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். இதைப் பார்க்காமல் கண்ணில் பட்ட ஃபோல்டருக்கெல்லாம் 'எவ்ரிஒன்' (எல்லோருக்கும்) அனுமதி கொடுப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் காம்பொனென்ட் சர்வீசஸில் டிகாம் கான்ஃபிக்கை (ஒரு நிரலை இன்னொரு நிரல் திறக்க யாருக்கு அனுமதி என்று வைக்கும் இடம்) திறந்து, மைக்ரோசாஃப்ட் எக்செல் அப்ளிகேஷனின் செக்யூரிட்டி பகுதியில் அந்தக் கணக்குக்கு மட்டும் லோக்கல் லாஞ்ச், லோக்கல் ஆக்டிவேஷன் இரண்டையும் கொடுங்கள். பட்டியலில் எக்செலே இல்லையென்றால், 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் போட்டிருப்பார்கள். 32 பிட் காம்பொனென்ட் சர்வீசஸைத் திறக்க வேண்டும். பூலின் கணக்கு தேடினால் கிடைக்காது. இடத்தை டொமைனிலிருந்து அதே சர்வருக்கு மாற்றி, 'ஐஐஎஸ் ஆப்பூல்' என்பதற்கு அடுத்து பின்சாய்கோடும் (\) பூலின் பெயரும் ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்ச வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான்.

ஐடென்டிட்டி பகுதியில் 'இன்டராக்டிவ் யூசர்' வைத்தால் பிழை மறைவதுபோல் தோன்றும். யாராவது சர்வரில் லாகின் செய்திருக்கும் வரைதான் அது ஓடும். இரவில் எல்லோரும் லாகவுட் செய்ததும் இன்வாய்ஸ் நின்றுவிடும்.

இதற்குப் பிறகும், கண்ணெதிரே இருக்கும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று எக்செல் சொன்னால், பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'லோடு யூசர் புரொஃபைல்' ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமையும் அந்தக் கணக்குக்கு வேண்டும்.

சரி, அனுமதி எல்லாம் சரியானாலும் ஒரு சிக்கல் மீதியிருக்கிறது. ஆபீஸை இப்படி ஆளில்லாமல் சர்வரில் ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை, ஆதரிப்பதும் இல்லை. ஏதாவது ஒரு டயலாக் வந்தால் ஓகே அழுத்த அங்கே ஆளில்லை. சர்வீஸ் அப்படியே தொங்கும். உங்கள் தேவை கட்டங்களை நிரப்பி எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகச் சேமிப்பது மட்டும்தான் என்றால், ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே அல்லது குளோஸ்டு எக்ஸ்எம்எல் என்ற நிரல் நூலகம் போதும். அவற்றுக்குச் சர்வரில் எக்செலே தேவையில்லை. மாறியதும் டிகாமில் கொடுத்த அனுமதிகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.