வேறு பெண்ணை அனுப்புகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்துவிட்டது. கோத்தகிரி பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார், நான் திருப்பூரில். கோவை ஏஜென்சி ஒன்று அனுப்பிய ஹோம் நர்ஸ் ஐந்து மாதமாகக் கூடவே தங்கியிருக்கிறார். போன வாரம் போனபோது அம்மா பகல் முழுக்கத் தூக்கம். இடது மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருக்கிறது. மெத்தைக்கு அடியில் அல்பிரசோலம் என்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரையின் பாதி காலியான அட்டை. டாக்டர் எழுதித் தந்த மாத்திரை இல்லை. ஏஜென்சியில் கேட்டால், “நாளைக்கே வேற பொண்ணை அனுப்பறோம், பெரிசு பண்ணாதீங்க” என்கிறார்கள். நர்சிங் கவுன்சிலில் சொல்லி அவர் லைசென்ஸை ரத்து செய்ய முடியுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: லைசென்ஸ் என்று ஒன்று இருந்தால்தானே ரத்து செய்ய?

முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் என்று படித்துவிட்டு, சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்ஸ்கள், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். 1926லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஏஜென்சி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் சில மாதப் பயிற்சி எடுத்த உதவியாளர்கள். வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் நர்ஸ் ஆகிவிடுகிறார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தால் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, அவசரம் மட்டும் கிடையாது. எண் இல்லையென்றால் கவுன்சிலிடம் நீக்குவதற்குப் பெயரே இருக்காது. யாரும் ‘நர்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழையலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள், அப்புறம் என்ன கவுன்சில்?

சரி, அது பிறகு. முதலில் அம்மா. பயத்தில் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலத்தை மாதக்கணக்கில் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்குக் கஞ்சியும் புகட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

அட்டையையும் கையையும் தேதியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்கோ குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்கோ அம்மாவை அழைத்துப் போங்கள். “கட்டிப்போட்டதால் வந்த காயம்” என்று வாய்விட்டுச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். உடம்பில் அந்த மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையால் வந்த கன்றல் என்று ஏஜென்சிக்காரர் சொல்வார். அப்படியும் வரும்தான். ஆனால் அது வளையல் போட்ட மாதிரி மணிக்கட்டைச் சுற்றி வராது. அதுவும் வேலை செய்கிற ஒரே கையில்.

கட்டுவது எல்லா நேரத்திலும் குற்றமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.யு.வில் நினைவு தடுமாறிய நோயாளி மூச்சுக்குழாயைப் பிடுங்குவார். அப்போது டாக்டர் எழுத்தில் உத்தரவு தருவார், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். மெத்தென்ற துணியில் கட்ட வேண்டும், துணிக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அடிக்கடி அவிழ்த்து, விரல் நுனி நீலம் பாரித்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று பார்த்து நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்காக மெமோ வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் உத்தரவு எங்கே, எழுதிய நோட்டு எங்கே? ராத்திரி எழுப்பாமல் இருக்கட்டும் என்று துப்பட்டாவால் கட்டியிருப்பார், வேறென்ன.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். ஊர்ப் பெரியவர்கள் “பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள், கேட்காதீர்கள். “சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்று புகார் எழுதினால் வேலைக்காகாது. ஒப்பந்தப்படி பார்த்துக்கொள்ள வேண்டிய இயலாதவரைக் கைவிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 357வது பிரிவின்படி குற்றம்தான், ஆனால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்கவும் முடியாது. அதனால் “கையைக் கட்டி அடைத்து வைத்தார், டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை கொடுத்தார்” என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அலைக்கழித்தால் முதியோர் உதவி எண் 14567.

ஏஜென்சியிடம் ஒருமுறை கேட்டுவிட்டீர்கள், இதையெல்லாம் முடிக்கும்வரை இனி அவர்களிடம் மூச்சு விடாதீர்கள். இவர்களுடைய தந்திரமே ஆளை மாற்றுவதுதான். குன்னூரில் ஒரு வீடு. உணர்ச்சியில்லாத காலில் ராத்திரி முழுக்க வெந்நீர்ப் பையை வைத்துவிட்டாள் ஒரு பெண். காலையில் கம்பளியை விலக்கினால் உள்ளங்கை அளவு கொப்புளம். ஏஜென்சி அன்றைக்கே ஆளை மாற்றியது, வீட்டுக்காரர்களும் நன்றி சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அருவங்காட்டில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனேன். அதே பெண், படுக்கையில் வேறொரு பாட்டி. பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆள், மாற்று ஆள் கிடையாது, நீங்கள் கொடுக்கும் சம்பளத்தில் அவள் கைக்கு என்ன போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கை ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்க வைக்கலாம். “ஊழியரின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து மாதத்தில் நீங்கள் கொடுத்தது 5 லட்சத்துக்குள்தான் இருக்கும் என்பதால் கட்டணமும் கிடையாது. ஜி.பே.யில் அனுப்பிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தீர்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.