சட்டவிரோதமாக வந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தால், அமெரிக்காவில் சட்டப்படி வரிசையில் நிற்பவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

வரிசையில் நிற்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 2009இல் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்கா வந்தேன். எனக்கான கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வேலையை என் நிறுவனம் 2013 நவம்பரில் தொடங்கியது. அந்தத் தேதிதான் என் டோக்கன். மாதாமாதம் வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்று ஓர் அட்டவணையை வெளியிடும். எந்தத் தேதிக்காரர்கள்வரை முறை வந்திருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் அட்டவணையில், நான் நிற்கும் இரண்டாம் பிரிவு (பெரும்பாலும் மேற்படிப்புப் படித்தவர்களுக்கானது) இந்தியர்களுக்கு 2012 ஆகஸ்ட் 1இல் நின்றது. சில மாதம் இரண்டு வாரம் நகரும். சில மாதம் அசையாது. சில நேரம் பின்னுக்கும் போகும். பின்னுக்குப் போகும் வரிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே கேள்வியில் இருக்கும் எரிச்சல் எனக்குப் புதிதல்ல. 2025 பிப்ரவரியில், சட்டவிரோதமாக வந்த 104 இந்தியர்களைக் கைவிலங்குடன் ராணுவ விமானத்தில் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கினார்களே, அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தபடி இருந்தன. அதில் ஒன்று நான் போட்டது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் மனிதாபிமானத்தால் மட்டும் வந்ததல்ல, கணக்குப் போட்டுப் பார்த்ததாலும் வந்தது. 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு என்று நிர்ணயித்தது. எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. நான் நிற்கும் இரண்டாம் பிரிவுக்கு மொத்தமே நாற்பதாயிரம் சொச்சம். அதில் 7 விழுக்காடு என்றால் 2,800. மனைவி, குழந்தைகளும் அதற்குள்ளேதான் அடக்கம். என் வீட்டுக்கு மட்டும் மூன்று போய்விடும். ஐஸ்லாந்துக்கும் இதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் இதே உச்சவரம்பு. மற்றவர்கள் எடுக்காமல் விட்டது கொஞ்சம் வழிந்து வந்தால் உண்டு. இந்தக் கணக்கில் எல்லை தாண்டி வந்தவர் எந்த வரியிலும் இல்லை. அவர்களில் ஒருவர் விடாமல் நாளைக்கே நாடு கடத்தினாலும் என் தேதி ஒரு நாள்கூட முன்னால் வராது.

“அவர்களும் வரிசையில் வரவேண்டியதுதானே?” என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். எந்த வரிசையில் என்று கேட்டால் பதில் இல்லை. பட்டமோ இரண்டாண்டுப் பயிற்சியோ தேவைப்படாத வேலைகளுக்கு நிரந்தரக் குடியேற்றத்தில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. சட்டத்தில் ஆண்டுக்கு 10,000. 1997இல் வந்த வேறொரு சட்டம் அதிலிருந்தும் வெட்ட, பல ஆண்டுகள் 5,000 அளவில்தான் கிடைத்தது. இது உலகம் முழுவதற்கும் சேர்த்து. நாட்டின் காய்கறியைப் பறிப்பதும், கோழியை வெட்டுவதும், கூரை வேய்வதும் இந்த ஐயாயிரம் பேர்தான் என்று நம்பச் சொல்கிறது சட்டம்.

ஆலங்கட்டி மழையில் எங்கள் கூரை பொத்தலானபோது வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர் ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கார் கொட்டகை நிழலில் அமர்ந்து தன் கதையைச் சொன்னார். அவருடைய அண்ணன் எண்பதுகளில் ஸ்ட்ராபெரி பறிக்க வந்தவர். 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட பொதுமன்னிப்புச் சட்டத்தில், அதற்கு முந்தைய ஓராண்டில் 90 நாள் வயல்வேலை பார்த்திருந்தால் போதும் என்று ஒரு வழி இருந்தது. அண்ணனுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. இவர் வந்தது 2003இல். அண்ணன் குடியுரிமை பெற்றுவிட்டாரே, தம்பிக்கு மனு போடலாமே என்றேன். போட்டிருக்கிறாராம். மெக்சிகோவுக்கு உடன்பிறந்தோர் வரிசை இருபது ஆண்டுக்கும் மேல். முறை வந்தாலும் நேர்காணலுக்கு நாட்டைவிட்டு வெளியே போகவேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் வெளியே போனால் பத்தாண்டுகள் திரும்ப முடியாது. தவறைச் சரிசெய்ய வெளியே போ, போனால் பூட்டிவிடுவேன் என்கிற சட்டத்தைப் பார்த்து யார் வெளியே போவார்?

பிறகு என் கதையைக் கேட்டார். சொன்னேன். பாஸ்போர்ட், பட்டம், விசா எல்லாம் இருந்துமா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. டார்ட்டியா ரொட்டியை மடித்தபடி, “அப்படியானால் எதற்கு இத்தனை காகிதம்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதனால் எல்லையைத் திறந்து விடலாம் என்று நான் சொல்லவில்லை. 1986இல் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்பூர்வ நிலை கொடுத்தார்கள். பதிலுக்கு, ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை என்று பேசிக்கொண்டார்கள். முதல் பாதி ஒழுங்காக நடந்தது. இரண்டாவது பாதி காகிதத்தோடு போயிற்று. காட்டிய அட்டை பார்க்க உண்மையானதுபோல் இருந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. போலி அட்டை அடிப்பவர்களுக்குத்தான் யோகம். உழைக்க ஆள் வேண்டும், ஆனால் வருவதற்கு வழி வைக்கமாட்டோம் என்ற நிலையை அப்படியே விட்டுவிட்டு மன்னிப்பு மட்டும் கொடுத்தால், இருபது ஆண்டு கழித்து அடுத்த மன்னிப்புக்கு ஆள் சேர்ந்திருக்கும். சேர்ந்தார்கள். அந்த வகையில் பொதுமன்னிப்பை எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒரு பாதி சரி.

ஆனால் எங்கள் பெயரைச் சொல்லி எதிர்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. 2013இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 68-32 என்ற கணக்கில் ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றியது. ஆவணமற்றோருக்கு வழி உண்டு. ஆனால் ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களின் தேக்கம் தீர்ந்த பிறகுதான் அவர்களுக்குக் கிரீன் கார்டு. எங்களை நசுக்கும் நாட்டு வரம்பும் அதில் நீங்கியிருக்கும். கேள்வி கேட்டவர் விரும்பும் நியாயத்துக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் வந்ததில்லை. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2019இல் அந்த நாட்டு வரம்பை மட்டும் நீக்க அதே சபை 365-65 என்று வாக்களித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் செனட் தன் வடிவத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்க நேரமில்லாமல் இரண்டும் காலாவதியாயின. எங்களுக்காக உருகுகிறவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

எனவே என் பதில் இது: இன்னொருவனுக்கு வழி திறப்பது எனக்குச் செய்யும் அநியாயம் ஆகாது. ஒழுங்காக இருந்தவனை, ஒழுங்காக இருந்த ஒரே காரணத்துக்காக, மீறியவனுக்கும் கீழே நிறுத்தும் விதிதான் அநியாயம். அப்படிப்பட்ட விதிகள் நிஜமாகவே இருக்கின்றன.

என் நண்பரின் மகனை எடுத்துக்கொள்வோம். 2005இல் ஏழு வயதில் பெற்றோரோடு வந்தான். 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு, சிறுவயதில் கொண்டுவரப்பட்ட ஆவணமற்ற பிள்ளைகளுக்கு டாக்கா (DACA) என்ற பாதுகாப்பை அறிவித்தது. பதினாறு வயதுக்கு முன் வந்திருக்கவேண்டும், 2007லிருந்து தொடர்ந்து இங்கேயே இருந்திருக்கவேண்டும், படித்துக்கொண்டிருக்கவேண்டும். எல்லாம் அவனுக்குப் பொருந்தின. ஒன்று மட்டும் இடித்தது: அறிவிப்பு வந்த அன்று விண்ணப்பிப்பவரிடம் சட்டப்பூர்வ அனுமதி இருக்கக்கூடாது. இவனிடம் செல்லுபடியாகும் விசா இருந்தது. அப்பா ஒருமுறைகூடக் கெடு தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். (டாக்கா கிரீன் கார்டு அல்ல, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை அனுமதியும் நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பும்தான். புதியவர்களைச் சேர்ப்பதும் நீதிமன்ற வழக்கில் சிக்கிக் கிடக்கிறது. அதைப் பெற்றவர்கள் சுகவாசிகள் என்று யாரும் எண்ணவேண்டாம்.)

2019இல் அவனுக்கு 21 வயது முடிந்தது. பிள்ளை என்ற கணக்கில் இனி வரமாட்டான் என்று, அன்றோடு அப்பாவின் கிரீன் கார்டு விண்ணப்பத்திலிருந்து அவன் பெயர் விழுந்துவிட்டது. மாணவர் விசாவுக்கு மாறினான். படித்து முடித்தபின் எச்-1பி குலுக்கலில் மூன்று முறையும் பெயர் வரவில்லை. இப்போது டொரன்டோவில் இருக்கிறான். பெற்றோருக்கு 2021இல் கிரீன் கார்டு வந்தது.

அப்பா இப்போது மகனுக்காகத் தனியாக ஒரு மனு போட்டிருக்கிறார். குடும்ப வரிசையில், வயது வந்த பிள்ளைகளுக்கான பிரிவு. எட்டு, ஒன்பது ஆண்டுபோல ஆகும். மணமாகாதவர்களுக்கு மட்டுமே அந்தப் பிரிவு. அப்பா குடியுரிமை பெறும் முன் மகன் கல்யாணம் செய்துகொண்டால் மனு செல்லாது. பெண் பார்க்கத் தொடங்கலாமா, வேண்டாமா என்று அவன் அம்மா போன வாரம் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.